ஜாபிதாவில் இல்லாத முடிச்சு

என் தாயை வைத்துப் பார்ப்பதற்கு நான் ஒரு பத்திரம் எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள் பாதி தூரம் வரைக்கும் என்னை நல்ல பிள்ளை என்று நம்பிக்கொண்டே வருவார்கள். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள எனக்கு இப்போது தெம்பில்லை.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். நூற்றாண்டு மாறுகிற சமயம். காலையில் முன்சீப் கோர்ட்டுக்குப் போனால் பிராது, பதில், ஜப்தி, ஜாபிதா என்று எழுதி எழுதியே பொழுது போகும். ஜப்தி செய்யப் போகிற வீட்டில் அண்டா எத்தனை, அதில் ஒடுக்கு எத்தனை என்று ஒன்று விடாமல் பட்டியல் போடுவதற்குத்தான் ஜாபிதா என்று பெயர். அதில் எனக்கு நிகர் ஆள் கிடையாது என்று எங்கள் வக்கீல் நாலு பேர் முன்னால் சொல்வார். அந்தச் சொல்லுக்கு மயங்கினவன் நான். எனக்கு ஒரே ஒரு அண்ணன். ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்துகொண்டிருந்தான். அப்பா காலமான பிறகு அம்மா அவன் வீட்டில் இருந்தாள். இரண்டு ஊருக்கும் ஏழு மைல்.

ஒரு பங்குனி மாதம், கிணற்றடியில் குனிந்து வாளியைத் தூக்கப் போன அம்மா அப்படியே சரிந்துவிட்டாள். வாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு நின்று, ‘ஆ’ என்கிற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. இடது கை மட்டும் பழையபடி இருந்தது. எதையாவது பிடித்தால் விடாது, அவ்வளவு பலம். புத்தியும் பழையபடியே இருந்தது. ஆனால் அதை நாங்கள் இரண்டு பிள்ளைகளும் கவனிக்கவில்லை. பேசாதவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிற கூட்டத்தில் நாங்கள் சேர்த்தி.

படுத்துவிட்ட ஒரு மனுஷியைப் பார்ப்பது என்றால் என்னென்ன வேலை என்பதைச் சொல்கிறேன். காலையில் வெந்நீரில் துணியை முக்கி உடம்பு துடைக்க வேண்டும். அடியில் விரித்த பழஞ்சேலையை எடுக்க, அவளை ஒரு பக்கம் உருட்டிப் பாதியை உருவி, மறுபக்கம் உருட்டி மீதியை உருவ வேண்டும். சாம்பலைத் துணியில் பரப்பித் தைத்த திண்டை இடுப்புக்கு அடியில் வைத்து, ஈரம் ஊற ஊற மாற்ற வேண்டும். கஞ்சியை வடிகட்டி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கடைவாயில் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். வலது பக்கம் ஊற்றினால் புரையேறிவிடும். மூன்று நாழிகைக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டாமல் விட்டால் இடுப்பெலும்பு அழுந்துகிற இடத்தில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு பிளந்துகொள்ளும். இவ்வளவும் செய்தது என் மனைவியும், அண்ணன் பெண்டாட்டியான என் மதினியும். நான் ‘வேண்டும், வேண்டும்’ என்று இங்கே எழுதியிருக்கிற ஒரு வேலையிலும் என் கை பட்டது கிடையாது.

வாதம் அடித்து ஒரு மாதம் மதினி தனியாகவே பார்த்தாள். சித்திரை பிறந்த அன்று நான் ராஜபாளையம் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவினதும் அண்ணன் ஆரம்பித்தான்.

“ஏலே, அவ ரெண்டு பேருக்கும் அம்மாதான? நான் ஒருத்தன் மட்டும் வச்சுப் பாக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

அவன் சட்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கை அரிக்கும். அங்கேயே காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். சித்திரை அண்ணனுக்கு, வைகாசி எனக்கு, ஆனி அண்ணனுக்கு, ஆடி எனக்கு என்று மாதம் மாதமாக முறை போட்டேன். ஆனிக்கு முப்பத்திரண்டு நாள் வருகிறதே என்று அண்ணன் சண்டைக்கு வந்தான். மார்கழிக்கு இருபத்தொன்பதுதானே, அதுவும் உன் பங்கில்தானே வருகிறது, அங்கே கழித்துக்கொள் என்று நான் சமாதானம் சொன்னேன். தாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மாதம் முதல் தேதி காலையில், வைத்திருந்தவர் வண்டி பிடித்துக் கொண்டுபோய் அடுத்தவர் வீட்டில் விட வேண்டியது என்றும் எழுதினேன்.

அதோடு விட்டிருந்தால் ஊரில் பத்துப் பேர் செய்கிற காரியத்தோடு போயிருக்கும். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு தடவை அம்மா கைமாறும்போதும் ஒரு ஜாபிதா போட வேண்டும் என்று கடைசியில் ஒரு நிபந்தனை சேர்த்தேன். சேலை இத்தனை, கம்பளி ஒன்று, சொம்பு ஒன்று, பாலாடை ஒன்று. கடைசி வரி: உடம்பில் புண், காயம் ஏதாவது உண்டா, இல்லையா. வாங்கிக்கொள்கிறவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதி முடித்து வாசித்துக் காட்டினபோது அண்ணனுக்கு என்மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது. அம்மா அதே அறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். சம்மதந்தானே அம்மா என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆட்சேபணை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு தடவை கைமாறினது ஒழுங்காகப் போனது. ஆடி முதல் தேதி அண்ணன் கொண்டுவந்து இறக்கினபோது நான் சரிபார்த்தேன். வலது இடுப்பில் புளியங்கொட்டை அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. அண்ணன் முன்னாலேயே சத்தம் போட்டேன். ஜாபிதாவில் எழுதினேன். போதாததற்கு, ‘தங்கள் வீட்டுப் பராமரிப்பில் குறை’ என்று தனியாக ஒரு கடுதாசி வேறு எழுதி அவன் கையிலேயே கொடுத்தேன். அவன் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

அந்தக் கடுதாசி ராஜபாளையத்தில் என்ன செய்தது என்பது ஆடிப்பூரத்தன்றுதான் தெரிந்தது. தேர் பார்க்க வந்தவர்களோடு மதினியும் வந்து எங்கள் வீட்டில் இறங்கினாள். இடது முழங்கை வீங்கியிருந்தது. அண்ணன் விறகுக் கட்டையால் அடித்திருக்கிறான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தேர் பார்க்கப் போகிறேன் என்று துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவ்வளவு தூரம் வந்த மதினி தேர் பார்க்கப் போகவில்லை. தேர் நிலைக்கு வந்த பிறகு நான் வீடு திரும்பினேன். இரண்டு பெண்களும் அடுப்படியில் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கட்டிலும் அடுப்படி வாசலுக்கு நேரேதான் கிடந்தது. அடிபட்டவளுக்கு என்ன சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். படுக்கையில் கிடக்கிற உடம்பில் எப்படிப் பார்த்தாலும் ஒரு நேரம் இல்லாவிட்டால் ஒரு நேரம் புண் வரத்தான் செய்யும். ஆண்கள் கண்ணில் பட்டால் ஜாபிதாவில் ஏறும்; ஜாபிதாவில் ஏறினால் ஒருத்தி முதுகில் இறங்கும். அதனால் கைமாறுகிற நாளில் புண்ணின்மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டு மூடிவிடுவது. வாதத்துக்கு வைத்தியர் வலிப் பற்றுப் போடுவதும் உண்டு. அதைத் தானாக உதிரும்வரை பிரிக்கக் கூடாது என்பார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அடியில் புண் இருந்தால் அம்மாவின் சேலை முந்தியில் ஒரு முடிச்சு. முடிச்சைப் பார்த்தால் அந்தப் பக்கத்தவள் உடனே பற்றைப் பிரித்துத் தினமும் கழுவி மருந்து வைப்பாள். முடிச்சு இல்லாவிட்டால் வெறும் வலிப் பற்று, தொட வேண்டியதில்லை. எழுத்துத் தெரியாத இரண்டு பேர் போட்டுக்கொண்ட ஏற்பாடு இது. என் பத்திரத்தைவிட ஆயிரம் மடங்கு யோக்கியமான ஏற்பாடு.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் ஜாபிதாவில் ‘புண் இல்லை’, ‘புண் இல்லை’ என்றே வந்தது. முடிச்சுகள் மட்டும் இரண்டு ஊருக்கும் போய்வந்துகொண்டிருந்தன. இங்கே வந்த புண்ணை அங்கே ஆற்றினாள் மதினி. அங்கே வந்ததை இங்கே ஆற்றினாள் என் மனைவி. நானோ என் ஜாபிதாவுக்குப் பயந்துதான் இரண்டு பேரும் ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்று கோர்ட்டில் சக குமாஸ்தாக்களிடம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

கார்த்திகை என் முறை. அந்த வருஷம் அடைமழை. துவைத்துப் போட்ட பழஞ்சேலை ஒன்றும் காயவில்லை. என் மனைவி அடுப்புக்கு மேலே கயிறு கட்டி ஒவ்வொன்றாக வாட்டி எடுத்து விரிப்பாள். அப்படியும் ஈரம் ஈரந்தான். மாதக் கடைசியில் அம்மாவுக்குச் சளி கட்டிக்கொண்டது. பார்க்க வந்த வைத்தியர், மழை நிற்கிற வரைக்கும் வண்டியில் ஏற்றாமல் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி கேட்டாள்.

“மார்கழிக்கு அத்தை இங்கயே இருக்கட்டுமே. கோயில் மணிச் சத்தமாச்சும் காதுல விழும்.”

“மார்கழி அண்ணன் முறை,” என்றேன்.

“முறை கெடக்கட்டும். அவியளுக்கு ஒடம்பு தாங்காது. நான் பாத்துக்கிடுதேன். ஒங்கள ஒரு வேலை சொல்ல மாட்டேன்.”

நான் அவளுக்குச் சட்டம் சொன்னேன். ஒரு தடவை முறை தவறி வைத்துக்கொண்டால் அதுவே வழக்கமாகிவிடும், பிறகு அண்ணன் பன்னிரண்டு மாதமும் நம் தலையில் கட்டிவிடுவான், விட்டுக்கொடுத்தவன் பிறகு வாய் திறக்க முடியாது என்று விளக்கினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்கழி முதல் தேதி விடிந்ததும் ஜாபிதா எழுத உட்கார்ந்தேன். சேலை நான்கு, கம்பளி ஒன்று, சொம்பு ஒன்று, பாலாடை ஒன்று. இடுப்பில் பற்றுப் போட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“வலிக்குப் போட்ட பத்துத்தான்,” என்றாள் மனைவி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் போனபோது ஒரு வாடை அடித்தது. மருந்து வாடை அல்ல என்று என் மூக்குக்குத் தெரிந்தது. ஆனால் இன்னொரு கேள்வி கேட்டால் இன்னொரு பதில் வரும்; வந்தால் வண்டி நிற்கும். ‘இடுப்பில் பற்று ஒன்று. புண் இல்லை’ என்று எழுதி மை காய ஊதினேன்.

வழக்கமாக அம்மாவை வண்டியில் தூக்கி வைப்பது என் மனைவியும், தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அம்மாளும். அன்று அந்த அம்மாள் ஊரில் இல்லாததால் கால் பக்கம் நான் பிடித்தேன். வைக்கோல் மேல் பாயை விரித்து, பாய் மேல் கம்பளி விரித்து, அம்மாவைக் கிடத்தினோம். என் மனைவி முந்தியை இழுத்து அம்மாவின் தோளுக்குக் கீழே மெதுவாகச் செருகிவிட்டாள். வண்டி நகர்ந்ததும் கூடவே தெருமுனைவரை நனைந்துகொண்டு வந்தாள். போ, போ என்று நான் உள்ளேயிருந்து கையைக் காட்டினேன்.

ஊரைத் தாண்டிய பிறகு பாதை பூராவும் சேறும் பள்ளமும். கூண்டுப் பாய் ஒழுகியதால் நான் குடையை விரித்து அம்மாவின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேற்கே மலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினபோது அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து முனகினாள். முதுகுக்கடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தினேன். கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தால், முந்தியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. ஈரத்தில் இறுகியிருந்தது. ஐயோ, இது இவ்வளவு நேரமும் முதுகில் குத்திக்கொண்டிருக்குமே என்று எனக்குப் பதறிப்போயிற்று.

குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நகத்துக்கு அசையவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். அப்போது அம்மா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கெட்டியான பிடி. ‘ஆ, ஆ’ என்றாள். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. படுத்த ஒன்பது மாதமாக அவள் என்னைத் தொட்டதில்லை. அன்று காலையில் வண்டியில் ஏற்றக் காலைப் பிடித்ததைத் தவிர, நானும் அவளைத் தொட்டதில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. “இனிமே உறுத்தாதும்மா, இதோ ஆச்சு,” என்று சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக விலக்கிவிட்டு, முடிச்சை அவிழ்த்து, முந்தியை நீவி அவள் மேல் விரித்துவிட்டேன். அவள் விடாமல் ‘ஆ, ஆ’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தாள். ராஜபாளையம் வரைக்கும் எனக்கு மனது நிறைந்திருந்தது.

அண்ணன் வீட்டில் இறக்கினோம். அவன் ஜாபிதாவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டான். மதினி வந்ததும் முதல் காரியமாக அம்மாவின் முந்தியை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

“இடுப்புல போட்டிருக்கது?” என்று கேட்டாள்.

“வலிக்குப் போட்ட பற்று மதினி. பிரிக்க வேண்டாம்,” என்றேன்.

“சரி தம்பி,” என்றாள். சாப்பாடு போட்டாள். சாப்பிட்டுவிட்டு அதே வண்டியில் திரும்பிவிட்டேன்.

பதினோராம் நாள் ஆள் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். சாம்பிராணி எவ்வளவு போட்டும் அந்த வாடை அடங்கவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் கண்டிருக்கிறது. சளிக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் நாள் சந்தேகப்பட்டு மதினி பற்றைப் பிரித்தபோது பற்றோடு சதையும் வந்திருக்கிறது. எலும்பு தெரிந்ததாம். அண்ணன் கையில் என் ஜாபிதாவை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

“இந்தா பாருங்க, புண் இல்லன்னு எழுதியிருக்கான். கோர்ட்டுல வேலை பாக்கவன் எழுத்து. பதினோரு நாள்ல எங்க அம்மாவ அழுக விட்டுட்டா இந்தச் சண்டாளி!”

மதினி தலைவிரி கோலமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.  வந்த பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்து அழாமல் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி. உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். வண்டியில் அம்மா என் கையைப் பிடித்த கதையை நான் அவர்களுக்குச் சொன்னேன். வாயால் சொல்ல முடியாமல் கையால் என்னை ஆசீர்வாதம் செய்தாள் என்றேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது இன்னும் நன்றாக வந்தது. பிறகு பந்தி முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனேன். கிணற்றடியில் இரண்டு பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

“நான் முடிச்சுப் போட்டுத்தான அனுப்புனேன்? ஏன் பிரிச்சுப் பாக்கல, அக்கா?” இது என் மனைவி.

“ஏட்டி, மனசறிஞ்சு பொய் சொல்லாத. எறக்குன ஒடனே ரெண்டு மூலையும் விரிச்சுப் பாத்தேன். முடிச்சே இல்ல.”

“சாமி மேல சத்தியமாப் போட்டேன். ஒங்களுக்குப் பாக்கச் சோம்பல். இப்ப என்னைப் பொய்க்காரிங்கீய.”

“ஒம் புருசன் எழுதுனான் புண் இல்லன்னு. நீ முடிச்சப் போடாம விட்ட. ரெண்டு பேரும் சேந்து எந் தலையில கொண்டுவந்து எறக்கிட்டுப் போயிட்டீய. போதும்ட்டி.”

நான் வேலிக்கு இந்தப் பக்கம் எச்சில் கையோடு நின்றேன். அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெல்லிக்காய் அளவு முடிச்சு, என் பல்லில் பட்ட ஈரத் துணி, மதினி முந்தியை விரித்துப் பார்த்தது, எல்லாம். நாலு எட்டு எடுத்து வைத்து, ‘அதை அவிழ்த்தவன் நான்’ என்று சொன்னால் போதும். இரண்டு பேரும் என்னைக் காறித் துப்பிவிட்டு, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். நான் சொல்லவில்லை. பயம். வெட்கம். அதற்கும் மேலே, அரை மணி நேரத்துக்கு முன்னால் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்களே, அதை இழக்க மனமில்லை. சொம்பை எடுத்துக் கை கழுவிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டேன்.

அன்றோடு அந்த இரண்டு பெண்களும் பேசவில்லை. மாமியாரை அழுக விட்டவள் என்ற பேர் ராஜபாளையத்தில் மதினிக்கு நிலைத்துவிட்டது. அண்ணன் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே அவளை அடித்தான். எங்கள் வீட்டில் என் மனைவி அக்கா என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆடிப்பூரத்துக்கு ராஜபாளையத்துச் சனங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். நான் ஜாபிதாக்கள் எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்து வரவர நன்றாக வந்தது.

பதினைந்து வருஷம் கழித்து என் மனைவி படுத்தாள். விட்டு விட்டு வருகிற காய்ச்சல், உருக்கி எடுத்துவிட்டது. நாலு மாதம் கிடந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெந்நீர் துடைப்பது, உருட்டித் துணி மாற்றுவது, கடைவாயில் கஞ்சி புகட்டுவது எல்லாவற்றையும் அந்த வயதில் நான் கற்றுக்கொண்டேன். மோசமாகத்தான் கற்றுக்கொண்டேன். என் பிடி அவளுக்கு வலிக்கும்; பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரு நாள் நான் புரட்டிப் படுக்க வைத்தபோது சொன்னாள்.

“அக்கா புரட்டுனா வலிக்காதும்பாக அத்தை. வாயால சொல்லல, முகத்துல தெரியும். அக்காவுக்குத்தான் அந்தக் கைவாகு.”

“வரச் சொல்லி எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“வர மாட்டாக. நான் பொய் சொன்னேன்னுதான அவிய நெனச்சுக்கிட்டு இருக்காக.” செத்த நேரம் கழித்து, “நான் முடிச்சுப் போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு. அது எங்கதான் போச்சோ,” என்றாள்.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. நான் கஞ்சி ஆறிவிட்டதா பார்க்கிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். மூன்று வாரத்தில் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு ராஜபாளையம் போனேன். மதினி தன் மகன் வீட்டில் பின்கட்டில் இருந்தாள். தலை பூராவும் நரைத்துவிட்டது. விறகுக் கட்டை பட்ட முழங்கை சரியாக மடங்காமல் ஒரு மாதிரி வைத்துக்கொண்டு பருத்திக்கொட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். 

“அவகிட்ட சொன்னீயளா?”

“இல்லை மதினி.”

“சாகும்போது கூடவா?”

“இல்லை.”

“பொறவு எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய? நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?”

 உறுத்துமே என்றுதான் அவிழ்த்தேன், என் கையால் அம்மாவுக்குச் செய்த ஒரே பணிவிடை அதுதான் என்றேன். இதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க அவுக்கையில அத்தை பேசாமயா இருந்தாக?”

“கையைப் பிடித்தாள். விடவே இல்லை. அழுதாள். அதைத்தான் நான் அன்றைக்கு எல்லோருக்கும்...”

“அத்தைக்குத் தெரியும், தம்பி,” என்றாள் மதினி. “முடிச்சு போடுவோம்னு மொத மொத நாங்க பேசுனதே அத்தை கட்டிலுக்குப் பக்கத்துலதான். ஒவ்வொரு தரமும் நாங்க முடிச்சுப் போடையில, முந்திய இழுத்துப் பிடிச்சுக் குடுக்கது அத்தைதான். அந்த ஒரு கை வச்சு.”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வெளியே வந்தேன். என் தாய் என்னை ஆசீர்வதித்ததாகப் பதினைந்து வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அந்தப் பிடி, அவிழ்க்காதே என்று பிடித்த பிடி. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டவன் நான்.